குதிரை முள்ளங்கியும் கொல்லை முருங்கையும்

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஏறி திண்டுக்கல் சாலையில் போனால், பாத்திமா கல்லூரியை ஒட்டி வருகிற ஊர் விளாங்குடி. பக்கத்தில் கூடல் நகர் ரயில் நிலையம். இன்னும் கொஞ்சம் மேலே போனால் பரவை காய்கறி மார்க்கெட். பேரூராட்சியாக இருந்த விளாங்குடி, 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. வயலாகக் கிடந்த இடங்கள் பிளாட் ஆகி, பிளாட்டுகள் மாடி வீடுகள் ஆகிவிட்டன. ஆனாலும், மெயின் ரோட்டை விட்டுத் தெருக்களுக்குள் நடந்தால், காம்பவுண்டுச் சுவருக்கு மேலே இன்னமும் ஒரு மரம் தலைகாட்டுகிறது. அது முருங்கை.

இந்த ஊரில் ஒரு வீட்டுக் கொல்லையில் இருந்து தொடங்குகிறது இந்தக் கதை. வீட்டுக்குப் பின்னால் கூடுதலாக ஓர் அறை எடுக்க அஸ்திவாரம் தோண்டினார்கள். குறுக்கே நின்றது நாற்பது வருஷத்து முருங்கை. வீட்டு அப்பத்தா கல்யாணமாகி வந்தபோது, உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் பிறந்த ஊரில் இருந்து போத்தாகக் கொண்டுவந்து நட்டது. வேலையாள் மண்வெட்டியால் வேரை வெட்டியதும் கொல்லை முழுக்கக் கடுகு அரைத்தது போல ஒரு நெடி கிளம்பியது. விடுமுறைக்கு வந்திருந்த பேரன் ஓடிவந்து அந்த வேரைக் கையில் எடுத்து முகர்ந்தார். கேட்டரிங் படித்துவிட்டு, வெளிநாட்டுப் பயணிகள் கப்பலில் சமையல் வேலை பார்ப்பவர் அவர்.

"அப்பத்தா, இது என்ன நெடி தெரியுமா? ஹார்ஸ்ராடிஷ். எங்க கப்பல்ல பாட்டில் பாட்டிலா வாங்குவாங்க. இந்த வேரைத் துருவி வச்சா அதே ருசிதான். தூக்கிப் போட்றாதீங்க."

"வேரை அடுப்படிக்குள்ள கொண்டு வராதய்யா" என்றார் அப்பத்தா. "வீட்ல மாசமா ஒருத்தி இருக்கா."

இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எது எந்த அளவுக்கு உண்மை என்று தெரிந்துகொள்வது, கொல்லையில் முருங்கை வைத்திருக்கும் எல்லோருக்கும் தேவை.

பெயர் வந்த வழி

ஹார்ஸ்ராடிஷ் என்பதைத் தமிழில் குதிரை முள்ளங்கி என்கிறார்கள். பெயரில்தான் முள்ளங்கி. செடியும் வேரும் வேறு. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த, பல வருஷம் உயிர்வாழும் பூண்டு அது. இலை நீளமாக, அகலமாக இருக்கும். வேர் தடித்து, நீண்டு, உள்ளே வெள்ளையாக இருக்கும். முழு வேரை முகர்ந்தால் பெரிதாக வாசம் வராது. தோல் சீவித் துருவினால் கண்ணில் நீர் வரும், மூக்கு எரியும். அதில் வினிகர் சேர்த்து வைத்துக்கொண்டு, இங்கிலாந்தில் மாட்டிறைச்சிக்குத் தொட்டுக்கொள்வார்கள். போலந்து, ரஷ்யா பக்கம் பீட்ரூட்டோடு சேர்த்துத் துருவுவார்கள். ஜப்பான் உணவகங்களில் பச்சை நிறத்தில் வைக்கும் வசாபி விழுது கூட, விலை மலிவான இடங்களில் பெரும்பாலும் குதிரை முள்ளங்கியும் கடுகும் நிறமும் கலந்ததுதான்.

வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்கு வந்தபோது அவர்களுக்கு இந்த வேர் கிடைக்கவில்லை. வெயில் காயும் சமவெளியில் அது வளரவும் இல்லை. அப்போது அவர்களுடைய சமையல்காரர்கள் கண்டுபிடித்த மாற்று, முருங்கை வேர். அதன் நெடி அதே மாதிரி இருந்ததால் மரத்துக்கே ஹார்ஸ்ராடிஷ் மரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற ஆங்கிலோ இந்தியச் சொல் அகராதியில் இந்தப் பெயரும், வேரை அவர்கள் பயன்படுத்திய விஷயமும் பதிவாகியிருக்கின்றன. காயின் வடிவத்தைப் பார்த்து 'டிரம்ஸ்டிக்' என்று வைத்த பெயர்தான் இன்று நிலைத்துவிட்டது. ஆனால் வெளிநாட்டுப் புத்தகங்களிலும், செல்போனில் தேடினாலும், பழைய பெயர் இன்னும் வருகிறது. விளாங்குடி பேரனுக்கு யோசனை வந்ததும் அப்படித்தான்.

நெடி எங்கிருந்து வருகிறது?

கடுகு, முள்ளங்கி, குதிரை முள்ளங்கி, முருங்கை நான்கிலும் குளுக்கோசினோலேட் என்ற சத்துப்பொருள் உண்டு. அதோடு மைரோசினேஸ் என்ற நொதியும் தனி அறைகளில் இருக்கிறது. வேரோ விதையோ முழுதாக இருக்கும் வரை இரண்டும் சேராது. வெட்டினாலோ, நசுக்கினாலோ, துருவினாலோ ஒன்றாகக் கலந்து, காட்டமான எண்ணெய்ப் பொருள் உண்டாகிறது. பூச்சி கடித்தால் விரட்டச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு இது. முருங்கை கடுகுக் குடும்பம் இல்லை என்றாலும், தாவரவியலில் அதற்கு நெருங்கிய உறவு. பப்பாளியும் அந்த வகையறாவே. பப்பாளி விதையை மென்றால் காரம் தெரிவதும் இதனால்தான்.

வெந்நீரோ சூடான எண்ணெயோ பட்டால் அந்த நொதி செத்துவிடும். அதனால்தான் தாளித்த கடுகை மென்றால் காரம் இல்லை, பச்சைக் கடுகைத் தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறுகிறது.

வேரை ஏன் தொடக்கூடாது?

நெடி ஒன்று போல இருந்தாலும், குதிரை முள்ளங்கி வேரும் முருங்கை வேரும் ஒன்று அல்ல. முருங்கையின் வேரிலும், குறிப்பாக வேர்ப்பட்டையிலும், நரம்பைப் பாதிக்கக்கூடிய ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. பட்டையை நன்றாகச் சீவிவிட்டு, உள் சதையை மிகக் கொஞ்சமாகவே அக்காலத்தில் பயன்படுத்தினார்கள். அப்படிச் சீவினாலும் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. வேர்ச்சாறு கரு தங்குவதைத் தடுக்கும் என்று எலிகளில் நடத்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாட்டு வைத்தியத்தில் முருங்கை வேருக்கு இடம் உண்டு. அது பக்குவமும் அளவும் தெரிந்த வைத்தியர் கையில் இருக்க வேண்டியது. சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் பொருள் ஆகாது.

கர்ப்பிணிகள், குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள், சிறு குழந்தைகள் முருங்கை வேரையும் பட்டையையும் எந்த வடிவிலும் சாப்பிடக் கூடாது. படிக்காத அப்பத்தா சொன்ன ஒரு வரி, இந்த விஷயத்தில் சரியானது. கீரை, பூ, காய் மூன்றையும் வழக்கமாகச் சமைக்கிற அளவில் சாப்பிடுவது வேறு. கீரைப் பொடியை மருந்து போல தினமும் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கோ ரத்தக்கொதிப்புக்கோ மாத்திரை எடுப்பவர்களாக இருந்தால், டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டும்.

குதிரை முள்ளங்கியை இங்கே வளர்க்கலாமா?

அது குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கி, வசந்தத்தில் துளிர்க்கும் பயிர். மதுரையில் சித்திரை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும். இந்தச் சூட்டில் வேர் தடிக்காது, மழைக்காலத்து ஈரத்தில் அழுகும். குளிர்ந்த மலைப்பகுதியில் இருப்பவர்கள் ஆசைக்குத் தொட்டியில் வைத்துப் பார்க்கலாம். சமவெளி விவசாயி இதற்குக் காசு போட வேண்டாம். இன்னொன்று, இது வேர்த்துண்டு வைத்து வளர்க்கும் பயிர். முளைக்கும் விதை பிடிப்பதே அரிது. 'குதிரை முள்ளங்கி விதை' என்று யாராவது பாக்கெட் விற்றால் யோசித்து வாங்குங்கள்.

அந்த ருசிதான் வேண்டும் என்றால் வழி, நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. குதிரை முள்ளங்கிக்குக் காட்டம் கொடுக்கும் அதே பொருள்தான் நம் கடுகிலும் இருக்கிறது. விளாங்குடி வீட்டில் அன்று மத்தியானம் பேரன் செய்தது இதுதான்.

இரண்டு டீஸ்பூன் கடுகை வறுக்காமல் மிக்ஸியில் பொடித்துக்கொள்ள வேண்டும். மூன்று டீஸ்பூன் பச்சைத் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பத்து நிமிஷம் மூடி வைக்க வேண்டும். இந்த நேரத்தில்தான் காட்டம் ஏறும். அதற்குள் 200 கிராம் வெள்ளை முள்ளங்கியைத் தோல் சீவித் துருவி, உப்புப் போட்டுப் பிழிந்துகொள்ள வேண்டும். பிறகு கடுகு விழுதில் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து, முள்ளங்கியையும் ஒரு கப் கெட்டித் தயிரையும் கலந்தால் முடிந்தது. எலுமிச்சையை முதலிலேயே ஊற்றக் கூடாது. புளிப்பு விழுந்ததும் காட்டம் ஏறுவது நின்றுவிடும். வறுத்த மீன், அவித்த முட்டை, கேழ்வரகு அடை எல்லாவற்றுக்கும் தொட்டுக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் ஓரம் முள்ளங்கி விதை போட்டால் 45 நாளில் பிடுங்கலாம். வெளியில் இருந்து வாங்க வேண்டியது கடுகு மட்டும்தான்.

உசிலம்பட்டி வழியே பெரியகுளம்

வெட்டப்போகும் மரத்துக்கு என்ன செய்வது என்று தெரிந்துகொள்ள, அது வந்த வழியிலேயே போகலாம். மதுரையில் இருந்து தேனி சாலையில் செக்கானூரணி தாண்டினால் உசிலம்பட்டி. மழை குறைந்த பூமி. அதைக் கடந்து கணவாய் ஏறி இறங்கினால் ஆண்டிபட்டி. இந்த இரண்டு ஊர்ப் பக்கமும் வலையபட்டி முருங்கை என்ற பல ஆண்டு ரகம் சாகுபடியில் இருக்கிறது. போத்து வைத்து வளர்ப்பது. ஒரு முறை வேர் பிடித்துவிட்டால் வறட்சியைத் தாங்கி நிற்கும். நம் பக்கத்து யாழ்ப்பாண முருங்கை, சாவகச்சேரி முருங்கை எல்லாம் இதே போல பல ஆண்டு ரகங்கள்.

அங்கிருந்து தேனியைத் தொட்டுத் திரும்பினால் பெரியகுளம். இங்குள்ள தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம்தான் முருங்கையை மானாவாரி மரத்தில் இருந்து தோட்டப் பயிராக மாற்றியது. தூத்துக்குடி மாவட்டம் எப்போதும்வென்றான் பகுதி முருங்கையில் இருந்து தேர்வு செய்து, 1989-ல் பி.கே.எம்.1 ரகத்தை வெளியிட்டார்கள். விதை போட்டு வளர்க்கும் செடிமுருங்கை. விதைத்த 90 முதல் 100 நாளில் பூக்கும். ஆறு மாதத்துக்குள் முதல் காய் பறிக்கலாம். ஒரு காய் 65 முதல் 70 சென்டிமீட்டர் நீளம், ஏறத்தாழ 150 கிராம் எடை. நல்ல பராமரிப்பில் மரத்துக்கு வருஷம் 220 காய் வரை கிடைக்கும். 2000-ல் வந்த பி.கே.எம்.2 ரகத்தின் காய் 125 சென்டிமீட்டருக்கும் மேல் நீளும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? வீட்டுக்கு ஒரு மரம், தண்ணீர் வசதி குறைவு என்றால் பல ஆண்டு ரகத்தில் போத்து. விற்பனைக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்றால் செடிமுருங்கை.

போத்து நடும் முறை

காய்ப்பு நன்றாக உள்ள மரத்தில், கை மணிக்கட்டை விடக் கொஞ்சம் பருத்த கிளையை மூன்று, நான்கு அடி நீளத்துக்கு வெட்ட வேண்டும். ஒரு நாள் நிழலில் வைத்து வெட்டுவாய் காய்ந்ததும், மழை தொடங்கும் பருவத்தில் நட வேண்டும். ஒன்றரை அடி ஆழக் குழியில் மக்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் நிரப்பி, போத்தின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி வைத்து, மண்ணை மிதித்து இறுக்க வேண்டும். மேல் வெட்டுவாயில் பசுஞ்சாணியை அப்பினால் மழைத் தண்ணீர் இறங்கி அழுகாது. களிமண்ணாக இருந்தால் மேடு கட்டி நட வேண்டும். முருங்கைக்குக் காய்ச்சல் தாங்கும், தண்ணீர் தேங்கினால் தாங்காது.

செடிமுருங்கைக்கு இரண்டரை மீட்டருக்கு இரண்டரை மீட்டர் இடைவெளியில் ஒன்றரை அடிக் குழி எடுத்து, குழிக்கு இரண்டு விதை போட வேண்டும். ஏக்கருக்கு 200 கிராம் விதை போதும். பழைய விதை முளைப்பு குறைவாக இருக்கும், புதிதாகக் கேட்டு வாங்குங்கள். செடி 75 சென்டிமீட்டர் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை அடிக்கும். காய்ப்பு முடிந்ததும் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். 'முருங்கையை ஒடித்து வளர்' என்று பெரியவர்கள் சொன்னது பயிர்த்தொழில் முறை. ஒடிக்காத முருங்கை உயரப் போய், காற்றில் முறியும்.

மரம் தழைத்திருக்கிறது, பூ மட்டும் கொட்டுகிறது என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் காரணம் தண்ணீர்தான். குளியலறைத் தண்ணீர் ஓயாமல் போகும் இடத்தில் நிற்கும் முருங்கை இலையாகத் தள்ளும், பூவை உதிர்க்கும். தண்ணீரைத் திருப்பிவிட்டு மண்ணைக் காயவிடுங்கள். சுவர், மாடி நிழல் விழுந்தாலும் காய் பிடிக்காது.

மழைக்காலத்தில் அடிமரத்தில் கூட்டமாக அடையும் கம்பளிப்பூச்சிக்குப் பயந்து பலர் மரத்தையே வெட்டுகிறார்கள். சோப்புக் கரைசலை அந்தக் கூட்டத்தின் மேல் நன்றாகத் தெளித்தால் செத்து விழும். கையால் தொடக் கூடாது, அரிக்கும். காயில் பிசின் வடிந்து நுனி காய்ந்தால் அது பழ ஈ. விழுந்த காய்களைப் பொறுக்கி ஆழமாகப் புதைத்து, மரத்தடி மண்ணைக் கிளறிவிட வேண்டும். பிஞ்சு விடும் பருவத்தில் ஐந்து சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். கீரை பறிக்கும் வீட்டு மரத்துக்கு ரசாயன மருந்து வேண்டாம்.

அடுப்படிக்கு வர வேண்டியது

முருங்கையில் வேரை விட்டுவிட்டால் மற்றவை எல்லாம் சாப்பாடு. 100 கிராம் பச்சைக் கீரையில் 440 மில்லிகிராம் கால்சியமும், 6.7 கிராம் புரதமும் இருக்கின்றன. கீரைகளில் இவ்வளவு கொடுப்பவை குறைவு. கடையில் கட்டு வாங்கும் வீட்டுக்கும் கொல்லையில் மரம் நிற்கும் வீட்டுக்கும் இங்கேதான் வித்தியாசம். கையெட்டும் தூரத்தில் இருந்தால் வாரம் மூன்று நாள் சமைப்பார்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பக்குவம் எளிது. உருவிய கீரையைக் கழுவி நீரை வடித்து, சின்ன வெங்காயமும் வற்றலும் தாளித்த எண்ணெயில் போட்டு, தண்ணீர் ஊற்றாமல் வதக்கி, சுருண்டதும் வறுத்துப் பொடித்த நிலக்கடலையைத் தூவி இறக்கிவிட வேண்டும். அதிக நேரம் அடுப்பில் வைத்தால் கசப்புத் தட்டும். கேழ்வரகு மாவில் ஒரு கை கீரையும் வெங்காயமும் பிசைந்து தட்டும் அடை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு. உதிர்ந்த பூவைப் பொறுக்காமல், மரத்தில் இருந்து பறித்த பூவை ஆய்ந்து, பாசிப்பருப்போடு வேகவைத்துத் தேங்காய் சேர்த்தால் கூட்டு. காய் மலிந்த நாளில் சாம்பாரில் போட்டது போக, வேகவைத்து உள் சதையை வழித்து, வெங்காயம் தக்காளியோடு சுருள வதக்கினால் தொக்கு. பரவை மார்க்கெட்டில் விலை விழுந்த நாளில், விற்காமல் திரும்பிய காய்க்கு இது ஒரு வழி.

மரமும் போத்தும்

விளாங்குடி வீட்டில் மரம் கடைசியில் வெட்டப்பட்டது. அஸ்திவாரம் போகும் தடத்தில் நின்றதால் வேறு வழி இல்லை. அதற்கு முந்தின நாள், அப்பத்தா காட்டிய கிளைகளில் இருந்து பேரன் நான்கு போத்து வெட்டினார். இரண்டு, அதே கொல்லையில் சுவரை விட்டுத் தள்ளி, நல்ல வெயில் விழும் மூலைக்குப் போயின. ஒன்று பக்கத்து வீட்டுக்கு. மற்றொன்று, உசிலம்பட்டிப் பக்கம் அப்பத்தாவின் தம்பி தோட்டத்துக்கு. நாற்பது வருஷம் கழித்து அந்த ரகம் பிறந்த ஊருக்குத் திரும்பிப் போனது. வெட்டிய வேரைப் பிள்ளைகள் எடுத்து விளையாடிவிடக் கூடாது என்று, அப்பத்தா அதை மட்டும் தனியாகக் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார்.

பேரன் கப்பலுக்குத் திரும்பிய மூன்றாவது வாரத்தில் போன் வந்தது.

"அப்பத்தா, போத்து துளிர்த்துச்சா?"

"ஒண்ணுல மூணு கண்ணு விட்டிருக்கு. இன்னொண்ணு பச்சையாத்தான் இருக்கு, பாப்போம். பிள்ளைத்தாச்சிக்குக் கீரை இப்போதைக்குப் பக்கத்து வீட்ல வாங்கிக்கிறோம். நீ வர்றப்ப நம்ம மரத்துலயே உருவலாம்."